கார் ஸ்கிரீனுக்குள் ஏசியும் வைப்பரும்: பழகினால் சரியாகிவிடுமா?

கேள்வியின் சாரம் இது: வாங்க நினைக்கும் புது காரில் ஏசி, ஃபேன், கண்ணாடி மங்கலை நீக்கும் டிஃபாகர் எல்லாமே நடுவில் இருக்கும் பெரிய டச் ஸ்கிரீனுக்குள் இருக்கின்றன. இப்போதைய காரில் மூன்று நாப் போதுமானதாக இருந்தது. “பதினைந்து நாள் ஓட்டினால் கை பழகிவிடும் சார்” என்கிறார் ஷோரூம்காரர். அதை நம்பி வாங்கலாமா?

அவர் சொல்வதில் பாதிதான் உண்மை. எந்தப் பக்கத்துக்குள் எது இருக்கிறது என்பது பதினைந்து நாளில் பழகிவிடும். ஆனால் சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் அதைத் தொடுவது எத்தனை வருடம் ஓட்டினாலும் பழகாது.

நாப்பைத் திருகும்போது கை என்ன செய்கிறது என்று பாருங்கள். முதலில் உத்தேசமாக அந்தப் பக்கம் போகிறது. விரல்கள் டேஷ்போர்டைத் தடவி விளிம்பைப் பிடித்து, இதுதான் ஃபேன் என்று உறுதி செய்துகொள்கின்றன. அதுவரை எதுவும் மாறவில்லை. பிறகு திருகினால் படிக்கு ஒரு ‘டக்’. இரண்டு ‘டக்’ என்றால் ஃபேன் இரண்டு படி ஏறிவிட்டது. கடைசிவரை போய் முட்டி நின்றால் அதற்கு மேல் இல்லை. இத்தனைக்கும் கண் தேவைப்படவில்லை. ஸ்கிரீனில் இப்படித் தடவித் தேட வழியே கிடையாது, ஏனென்றால் தொட்டாலே கட்டளை போய்விடும். கண்ணாடி வழுவழுவென்று இருப்பதால் எது எங்கே தொடங்குகிறது என்பது விரலுக்குத் தெரியாது. அதனால் தொடுவதற்கு முன் ஒரு பார்வை, சரியாகப் பட்டதா என்று பார்க்க இன்னொரு பார்வை, ஸ்கிரீன் மெதுவாக வேலை செய்தால் மூன்றாவது பார்வை. பழகினால் இந்தப் பார்வைகள் கொஞ்சம் சுருங்கும், அவ்வளவுதான்.

இதோடு நம் ஊர்ச் சாலை சேர்ந்துகொள்கிறது. கையை நீட்டி, எதிலும் ஊன்றாமல், விரல் அகலமே உள்ள ஒரு கட்டத்தைத் தொட வேண்டும். ஒட்டுப்போட்ட சாலையில் விரல் பக்கத்துக் கட்டத்தில் விழும். நமக்கு ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் இதை இடக்கையால் செய்கிறோம். பெரும்பாலானவர்களுக்கு நுணுக்கமான வேலை வராத கை அது. 40 வயதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. தூரத்துச் சாலையிலிருந்து முக்கால் மீட்டரில் இருக்கும் ஸ்கிரீனுக்குக் கண் மாறிக் குவிவதற்கே நேரம் பிடிக்கும். சின்ன எழுத்தும் சாம்பல் நிற ஐகானும் அவர்களுக்குப் பாதிதான் தெரியும்.

எவ்வளவு நேரம் கண்ணை எடுக்கலாம் என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. அமெரிக்காவில் வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 100 கார்களில் கேமரா பொருத்தி, சாதாரண ஓட்டுநர்களைத் தொடர்ந்து பதிவு செய்து ஆராய்ந்தது. 2006-இல் வந்த அந்த ஆய்வின்படி, சாலையிலிருந்து 2 விநாடிக்கு மேல் கண் விலகினால் விபத்தோ, மயிரிழையில் தப்பும் நிலையோ ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஒரு பார்வை 2 விநாடிக்குள், ஒரு வேலைக்கான மொத்தப் பார்வை 12 விநாடிக்குள் முடிய வேண்டும் என்கிறது. இது கட்டாயச் சட்டம் அல்ல, ஆனால் கணக்கு எளிது. 80 கி.மீ. வேகத்தில் கார் விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. 2 விநாடி என்றால் 44 மீட்டர். அந்தத் தூரத்துக்குள் ஒரு பைக் குறுக்கே திரும்பி முடித்துவிடும்.

ஸ்கிரீனையும் பட்டனையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்ததில் அதிகம் பேசப்பட்டது 2022-இல் ஸ்வீடனின் ‘வி பீல்ஏகாரே’ கார் பத்திரிகை நடத்திய சோதனை. 11 புதுக் கார்கள், அவற்றோடு 2005-ஆம் வருட வோல்வோ வி70 ஒன்று. விமான ஓடுதளத்தில் மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் ஓட்டிக்கொண்டே நான்கு வேலைகளைச் செய்ய வேண்டும்: சீட் சூடாக்கியைப் போட்டு, வெப்பநிலையை 2 டிகிரி ஏற்றி, கண்ணாடி டிஃப்ராஸ்டரை இயக்குவது, ரேடியோவைப் போட்டு ஒரு குறிப்பிட்ட நிலையத்துக்கு மாற்றுவது, டிரிப் மீட்டரை பூஜ்யமாக்குவது, மீட்டர் வெளிச்சத்தைக் குறைத்து நடு ஸ்கிரீனை அணைப்பது. ஓட்டியவர்களுக்கு ஒவ்வொரு காரையும் பழகிக்கொள்ள முன்கூட்டியே நேரம் தரப்பட்டது. பட்டன்கள் நிறைந்த பழைய வோல்வோவில் எல்லாம் முடிய 10 விநாடி ஆனது, அதற்குள் கார் ஓடிய தூரம் 306 மீட்டர். கடைசியில் வந்த எம்ஜி மார்வெல் ஆர் காரில் 44.6 விநாடி, 1,372 மீட்டர். பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ் 30.4 விநாடி, டெஸ்லா மாடல் 3 23.5 விநாடி.

இதைக் காட்டி ஸ்கிரீன் வைத்த கார் எல்லாமே மோசம் என்று வாதிடுகிறவர்கள் பட்டியலில் பழைய வோல்வோவுக்கு அடுத்து வந்தவற்றைப் பார்ப்பதில்லை. டச் ஸ்கிரீன் உள்ள டாசியா சாண்டெரோ 13.5 விநாடியிலும் வோல்வோ சி40 13.7 விநாடியிலும் முடித்திருக்கின்றன. ஒரு வேலைக்கு எத்தனை பக்கம் தாண்ட வேண்டும், கட்டம் எவ்வளவு பெரியது, அது எப்போதும் ஒரே இடத்தில் இருக்கிறதா என்பதில்தான் இவ்வளவு வித்தியாசமும் வருகிறது. டிரிப் மீட்டரை ஓடும்போது யாரும் பூஜ்யமாக்கப் போவதில்லை, அதை விட்டுவிடலாம். கண்ணாடி டிஃபாகர், வைப்பர், விளக்கு, ஏசி ஆகிய நான்குதான் வண்டி ஓடும்போதே கட்டாயம் கை வைக்க வேண்டியவை.

அதிலும் முன் கண்ணாடி மங்குவதை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். நம் மழைக்காலத்தில் அது இரண்டு விதமாக நடக்கும். உள்ளே நான்கு பேர் ஈர உடையோடு இருந்து, ஏசி அணைந்திருந்தால் மூச்சின் ஈரம் கண்ணாடியின் உட்புறம் படியும். அதற்கு ஏசியைப் போட வேண்டும், கம்ப்ரசர் ஓடினால்தான் காற்றிலுள்ள ஈரம் தண்ணீராக வடியும். காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, ஃபேனைக் கூட்டி, உள்காற்றுச் சுழற்சியை நிறுத்தி வெளிக்காற்றுக்கு மாற்ற வேண்டும். இரண்டாவது வகை புழுக்கம் அதிகமுள்ள கடலோர ஊர்களில் வரும். ஏசியை 18-இல் வைத்து ஓட்டிக் கண்ணாடி சில்லிட்டிருக்கும், வெளியே காற்று முழுக்க ஈரம். மங்கல் வெளிப்புறம் படியும். அப்போது பதற்றத்தில் டிஃபாகரை அழுத்தினால், வெப்பநிலை இன்னும் 18-இல் இருக்கும் பட்சத்தில், குளிர்காற்று கண்ணாடியில் மோதி மங்கல் கூடத்தான் செய்யும். வைப்பரை ஒரு தடவை ஓட்டி, காற்றை முகத்துக்கோ காலுக்கோ திருப்பி, வெப்பநிலையை 25, 26-க்கு ஏற்ற வேண்டும். எந்தப் பக்கம் மங்கியிருக்கிறது என்று தெரியாவிட்டால் உள்ளே விரலால் ஒரு கோடு போடுங்கள். கோடு தெளிந்தால் ஈரம் உள்ளே.

ஆக, சரியாகத் தெரிந்தவருக்கே மூன்று நான்கு மாற்றங்கள் தேவை. நாப் உள்ள காரில் இதெல்லாம் கையால் முடிந்துவிடும். ஸ்கிரீன் மட்டுமே உள்ள காரில், ஓடிக்கொண்டிருக்கும் மேப்பிலிருந்து வெளியே வந்து, கிளைமேட் பக்கத்தைத் திறந்து, காற்றின் திசையைக் காட்டும் சின்னப் படத்தைத் தொட்டு, ஃபேன் பட்டையை இழுத்து, வெப்பநிலையை ஏற்றி, மறுபடி மேப்புக்குத் திரும்ப வேண்டும். சாலையே தெரியாமல் மங்கும் நேரத்தில் கண்ணை அதற்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் இந்த வடிவமைப்பின் மேல் எனக்குள்ள மிகப் பெரிய குறை. முன் டிஃபாகருக்கு மட்டுமாவது தனிப் பட்டன் உள்ள கார்கள் பல இருக்கின்றன. அது இல்லாத காரை மழை அதிகமுள்ள ஊரில் இருப்பவருக்கு நான் சொல்லவே மாட்டேன்.

வைப்பர் விஷயம் ஜெர்மனியில் நீதிமன்றம் வரை போனது. கனமழையில் டெஸ்லா ஓட்டிய ஒருவர் வைப்பர் வேகத்தை ஸ்கிரீனில் மாற்றப் போய், சாலையை விட்டு விலகி மோதினார். 2020-இல் கார்ல்ஸ்ரூ உயர் நீதிமன்றம் அவருக்கு விதிக்கப்பட்ட 200 யூரோ அபராதத்தையும் ஒரு மாத ஓட்டத் தடையையும் உறுதி செய்தது. காரிலேயே பதித்த ஸ்கிரீனும் செல்போன் போன்ற மின்னணுக் கருவிதான், பாதுகாப்புக்குத் தேவையான வைப்பரை மாற்றினாலும் பார்வை சற்று நேரமே விலகலாம் என்பது தீர்ப்பு. அதாவது, நிறுவனம் வைப்பரை எங்கே வைத்தாலும் பொறுப்பு ஓட்டியவர் தலையில்தான் விழும்.

பிறகு ஏன் எல்லா நிறுவனமும் ஸ்கிரீனுக்கு ஓடின? முதல் காரணம் காசு. ஒவ்வொரு பட்டனுக்கும் ஓர் அச்சு, பின்னால் ஒரு சின்ன போர்டு, இரவில் எரிய எல்இடி, வயரிங், ஆயிரக்கணக்கான தடவை அழுத்திப் பார்க்கும் சோதனை என்று செலவு இருக்கிறது. அமெரிக்காவில் 2018 மே முதல் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் பின் கேமரா கட்டாயமானதால் ஸ்கிரீன் எப்படியும் வந்துவிட்டது, பட்டன்களின் வேலையையும் அதன் தலையில் கட்டினால் செலவு மிச்சம். இது புது யோசனையும் இல்லை. 1986-லேயே ப்யூக் ரிவியேரா காரில் பழைய டிவி மாதிரியான சிஆர்டி டச் ஸ்கிரீனுக்குள் ஏசியையும் ரேடியோவையும் வைத்தார்கள். வாங்கியவர்களுக்குப் பிடிக்கவில்லை, சில வருடங்களில் எடுத்துவிட்டார்கள்.

இப்போதும் காற்று திரும்பி வீசுகிறது. ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் ஒலி, வெப்பநிலை, ஃபேன், ஹசார்டு (எல்லா இண்டிகேட்டரும் ஒன்றாக மின்னும் அவசர விளக்கு) போன்றவற்றுக்கு இனி எல்லாப் புது மாடல்களிலும் நிஜப் பட்டன் இருக்கும் என்று அறிவித்திருக்கிறது. அவர்களுடைய கோல்ஃப் 8, ஐடி.3 கார்களில் வெப்பநிலைக்கு வைத்த தொடு பட்டைக்கு முதலில் இரவு விளக்குகூட இருக்கவில்லை. இண்டிகேட்டர் லீவரையே எடுத்துவிட்ட டெஸ்லா மாடல் 3-இல் அதைத் திரும்ப வைத்திருக்கிறார்கள். கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 2026 முதல் இண்டிகேட்டர், ஹசார்டு, வைப்பர், ஹாரன், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் தனிக் கண்ட்ரோல் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்கிறது. நம் ஊரில் 2023-இல் தொடங்கிய பாரத் என்கேப் பெரும்பாலும் மோதலின்போது உள்ளே இருப்பவர்களுக்கு என்ன ஆகிறது என்பதை அளப்பது. ஆகவே 5 நட்சத்திரம் வாங்கிய காரில் டிஃபாகர் கைக்கு எட்டுகிறதா என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பட்டன் இருந்தாலே நல்லது என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஒரே அளவில், ஒரே வடிவில், ஒரே வரிசையில் பன்னிரண்டு பட்டன் இருந்தால் விரலுக்கு அதுவும் ஒரு ஸ்கிரீன்தான். இரண்டாம் உலகப் போரில் பி-17 விமானங்கள் தரையிறங்கிய பிறகு விமானிகள் இறக்கையில் உள்ள ஃபிளாப் என்ற மடிப்புப் பலகையை மடக்குவதற்குப் பதில் சக்கரத்தை மடக்கி விமானத்தைச் சேதமாக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு சுவிட்சும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி இருந்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்தவர் அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர். சக்கரச் சுவிட்சின் மேல் ரப்பர் சக்கரம், ஃபிளாப் சுவிட்சின் மேல் ஆப்பு வடிவம். அந்தச் சின்ன மாற்றம் போதுமானதாக இருந்தது. இன்றும் விமானங்களில் சக்கர லீவரின் முனை சக்கர வடிவில்தான் இருக்கிறது. காரில் ஃபேன் நாப்பும் ஒலி நாப்பும் வெவ்வேறு உயரத்தில், வெவ்வேறு தடிமனில் இருந்தால் நல்லது என்பது இதே காரணத்தால்தான்.

பளபளக்கும் கறுப்புப் பலகையில் பட்டன் மாதிரி படம் மட்டும் இருந்து, அழுத்தினால் அமுங்காத வகை இப்போது நிறைய வருகிறது. அதைப் பட்டன் கணக்கில் சேர்க்காதீர்கள். இடம் மாறாது என்பது ஒன்றே அதன் நன்மை. விரல் உரசினாலே வேலை செய்துவிடும், பகல் வெளிச்சத்தில் விரல்ரேகைதான் முதலில் தெரியும். வெப்பநிலைக்கும் ஃபேனுக்கும் மட்டும் நிஜ சுவிட்ச் வைத்து மற்றதை இப்படிச் செய்திருந்தால் சமாளிக்கலாம்.

ஷோரூமில் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். டெஸ்ட் டிரைவுக்கு முன், வண்டி நின்றிருக்கும்போதே ஓட்டுநர் சீட்டை உங்களுக்கு ஏற்றபடி நகர்த்தி உட்காருங்கள். ஐந்து நிமிடம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, பிறகு கண்ணை மூடிக்கொண்டு இவற்றைச் செய்யுங்கள்: ஹசார்டு போடுவது, வைப்பரை ஒரு படி கூட்டுவது, முன் டிஃபாகர், வெப்பநிலை 2 டிகிரி ஏற்றுவது, ஃபேன் ஒரு படி இறக்குவது, பாட்டை நிறுத்துவது. முதல் மூன்றில் ஒன்று முடியாவிட்டாலும் அந்தக் காரைப் பற்றி மறுபடி யோசியுங்கள். அடுத்த மூன்றில் குறைந்தது இரண்டு முடிய வேண்டும்.

ஸ்கிரீன் வேலைகளுக்கு ஆய்வுக்கூடங்களில் ஒரு முறை உண்டு: 1.5 விநாடி பார்வை திறந்து 1.5 விநாடி மூடும் கண்ணாடியை அணிவித்து வேலையைச் செய்யச் சொல்வார்கள். அதையே நீங்கள் ஓர் அட்டையால் செய்யலாம். பக்கத்தில் இருப்பவர் மனதுக்குள் எண்ணி, ஸ்கிரீனின் முன் அட்டையை எடுத்து எடுத்து மறைக்கட்டும். அட்டை விலகியிருந்த நேரத்தை மட்டும் கூட்டுங்கள். ஏசி வேலைக்கு மூன்று முறைக்கு மேல் அட்டை விலக வேண்டியிருந்தால் அந்த மெனு ஆழமாகப் புதைந்திருக்கிறது என்று அர்த்தம். பட்டியலை மேலும் கீழும் தள்ள வேண்டிய எந்த வேலையும் இந்தச் சோதனையில் தோற்கும். கண்ணை எடுத்துத் திரும்பும்போது விட்ட இடம் தெரியாது.

இன்னும் சில சின்னச் சோதனைகள் உண்டு. போனைக் கார் ஸ்கிரீனில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோவையோ கார்ப்ளேயையோ இணைத்த பிறகும் வெப்பநிலை கீழ்ப்பட்டையில் தெரிகிறதா, அல்லது மறைந்துபோகிறதா? ரிவர்ஸ் கியர் போட்டு கேமரா படம் வந்ததும் ஃபேனைக் குறைக்க முடிகிறதா? வண்டியை அணைத்து மறுபடி கிளப்பினால் ஸ்கிரீன் உயிர்பெற எத்தனை விநாடி ஆகிறது, அதுவரை ஏசி உங்கள் கையில் இருக்கிறதா? இடப்பக்க ஸ்டியரிங் நாடுகளுக்கு வடிவமைத்த சில கார்களில் ஒலி நாப் ஸ்கிரீனின் இடது ஓரத்தில், நமக்கு எட்டாத பக்கம் இருக்கும். ஒருமுறை இரவிலும் உட்கார்ந்து பாருங்கள், ஸ்கிரீன் வெளிச்சம் எவ்வளவு குறைகிறது என்று. போதிய அளவு இறங்காவிட்டால் விளக்கில்லாத சாலையில் கண் கூசும்.

ஸ்கிரீன் கெட்டால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். 2021-இல் டெஸ்லா சுமார் 1,35,000 பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. ஸ்கிரீனை இயக்கும் கணினியின் 8 ஜிபி மெமரி சிப், எழுதி அழித்து எழுதி அழித்துத் தேய்ந்துபோனது. அதோடு பின் கேமராவும் கண்ணாடி டிஃபாகர் கண்ட்ரோலும் போய்விட்டன. நாப் உடைந்தால் போவது அந்த நாப்பின் வேலை மட்டும்தான்.

“வாயால் சொன்னால் போதுமே” என்பார்கள். ஸ்கிரீனைத் தொடுவதைவிட அது மேல்தான். பிரிட்டனில் ஐஏஎம் ரோட்ஸ்மார்ட் என்ற சாலைப் பாதுகாப்பு அமைப்புக்காக 2020-இல் சிமுலேட்டரில் நடத்திய ஆய்வில், கார்ப்ளேயைத் தொட்டு இயக்கியவர்கள் எதிர்வினை காட்டும் நேரம் 57 சதவீதமும் ஆண்ட்ராய்டு ஆட்டோவில் 53 சதவீதமும் தாமதமானது. குரலில் அது 36, 30 சதவீதம். குறைவுதான், ஆனால் பூஜ்யம் அல்ல. சொன்னதைக் கார் தவறாகப் புரிந்துகொண்டால் கண் தானாக ஸ்கிரீனுக்குப் போய்விடும். “அம்மாவுக்கு போன் போடு” போன்ற ஒற்றை வேலைக்குக் குரலை வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரைத் தேடும் வேலையை வண்டி கிளம்பும் முன் முடித்துவிடுங்கள். யூட்டா பல்கலைக்கழகம் 2017 மாடல் கார்கள் 30-ஐச் சோதித்தபோது, நேவிகேஷனில் ஓர் இடத்தைப் பதிவதற்குச் சராசரியாக 40 விநாடி ஆகியிருக்கிறது.

ஸ்கிரீன் காரை ஏற்கெனவே வாங்கியிருந்தால், ஓடும்போது தொட வேண்டிய தேவையையே குறைப்பதுதான் வழி. ஏசியை ஆட்டோவில் 24 அல்லது 25-இல் வைத்து விட்டுவிடுங்கள், ஃபேனைக் கையால் மாற்றினால் பல கார்களில் ஆட்டோ விலகிவிடும். மழை சென்சார், ஆட்டோ ஹெட்லைட் இருந்தால் இயக்கி வையுங்கள். ஸ்டியரிங்கில் நட்சத்திரம் போட்ட பட்டன் இருந்தால் அதற்கு வேலையை நாமே ஒதுக்கலாம். பெரும்பாலானவர்கள் அதைப் பாட்டு மாற்றக் கொடுக்கிறார்கள், டிஃபாகரையோ கேமராவையோ கொடுக்க முடிந்தால் அதற்கே கொடுங்கள். வாட்ஸ்அப் செய்தி ஸ்கிரீனில் எட்டிப் பார்ப்பதை நிறுத்துங்கள். லேன் எச்சரிக்கை போன்றவற்றை மாற்ற வேண்டுமானால் கியர் போடும் முன் மாற்றுங்கள், ஓடும்போது மெனுவுக்குள் போக வைப்பதில் அந்த ‘பீப்’ சத்தத்துக்கு முக்கியப் பங்கு உண்டு.

பழைய காரில் வெளியே ஆண்ட்ராய்டு ஸ்கிரீன் மாட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும். 9, 10 அங்குல பேனல் வாங்கும்போது ஒலிக்கு ஒரு நாப்பாவது உள்ளதாகப் பாருங்கள், ஸ்டியரிங் பட்டன்கள் வேலை செய்வதற்கான கேன் டிகோடர் உங்கள் மாடலுக்குச் சேர்த்துத் தருகிறார்களா என்று கேளுங்கள். அது இல்லாமல் மாட்டினால் இருந்த நல்ல பட்டன்களும் செத்துவிடும். ஹேண்ட்பிரேக் வயரைக் கடையில் நேராக எர்த்தில் கொடுத்து, ஓடும்போதும் வீடியோ வரும்படி செய்துவிடுவார்கள். அதை ஹேண்ட்பிரேக் சுவிட்சிலேயே இணைக்கச் சொல்லுங்கள். சாஃப்ட்வேர் அப்டேட் வந்த அன்று மட்டும் கிளம்பும் முன் இரண்டு நிமிடம் ஒதுக்கி, டிஃபாகரும் ஃபேனும் பழைய இடத்திலேயே இருக்கின்றனவா, நீங்கள் வைத்த ஷார்ட்கட்கள் அழிந்துவிடவில்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.